ரோசாக் வகுப்பு

ஷஹீரா ரைஸ் குக்கரின் அடிமூடியைப் பொருத்தித் திருகாணியை இறுக்கிவிட்டு, "இப்ப சுவிட்சைப் போடுங்க அங்கிள்," என்றபோது, கார்த்திகேசு மனதுக்குள் பிள்ளையாரை வேண்டிக்கொண்டார். குக்கர் வேலை செய்துவிடக் கூடாது என்பதுதான் வேண்டுதல்.

சுவிட்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை, அடித்தட்டு சூடேறவில்லை. பிள்ளையார் கைவிடவில்லை.

ஷஹீராவின் முகம் வாடிப்போனது. கார்த்திகேசும் உதட்டைப் பிதுக்கித் தன் முகத்தை வாட வைத்துக்கொண்டார். "பரவால்ல டீச்சர், அடுத்த வாரம் பாப்போம்லா," என்று ஆறுதல் வேறு சொன்னார்.

குக்கரில் பழுது என்று எதுவும் இருக்கவில்லை. வீட்டிலேயே அதன் அடியைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்ன உருகியிலிருந்து ஒரு வயரைக் கழற்றி, கழன்றது தெரியாதபடி அதன் உறைக்குள்ளேயே செருகி எடுத்து வந்தவர் அவர்தான். ஷஹீரா மல்டிமீட்டரோடு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், சட்டியைப் பிடித்துக்கொள்வதுபோல் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து மறைத்துக்கொள்வார்.

கார்த்திகேசு ஒன்றும் தெரியாதவர் அல்ல. ஈப்போவில் டெலிபோன் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்து, தாப்பாவிலிருந்து பாரிட் புந்தார் வரை எத்தனையோ இணைப்பகங்களைக் கழற்றி மாட்டி, ஓய்வு பெற்றவர். சர்க்யூட்டைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே நோய் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் எதற்காக ஒரு ரைஸ் குக்கரைக் கெடுத்து எடுத்துக்கொண்டு ஆரம்பநிலை வகுப்புக்கு வர வேண்டும்?

பேச ஆளில்லாமல்தான்.

மனைவி சாரதாதேவி, ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் மகள் மாதுமைக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது, மூன்று மாதத்தில் வருகிறேன் என்று போனவள். இரட்டையர்கள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். கூடவே வரும்படி அன்றைக்கு எல்லோரும் கூப்பிட்டார்கள். குளிர் ஆகாது, எனக்கென்ன குறை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. சாரதாதேவி தினமும் வீடியோவில் வருவாள். வந்ததும் போனை அடுப்படியில் எதன்மேலாவது சாய்த்து வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடுவாள். கார்த்திகேசு பெர்த்தின் கூரையையும் ஒரு புகைபோக்கியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில சமயம் கூரையிடமே அன்றைய சமாச்சாரத்தைச் சொல்வார்.

அவர் இருந்த தாமான் குடியிருப்பு, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் எழும்பியது. வரிசை வீடுகள், ரிமோட்டில் திறக்கும் கேட்டுகள். கார் உள்ளே போகும், கேட் மூடும், அவ்வளவுதான் அக்கம்பக்கம். ஒருமுறை இன்சூரன்ஸ் விற்பதற்காக ஒரு பெண் போன் செய்தாள். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அவள் வைத்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை ஈப்போவின் புந்தோங் பகுதியில் முத்து முகம்மதுவின் உணவகத்தில் மீன்கறிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மாடிப்படியோரத்தில், பழுதுக்கு மலாய்ச் சொல்லையே போட்டு எழுதிய ஓர் அட்டை தொங்கியது. 'ரோசாக் ஆன சாமானைத் தூக்கிப் போடாதீங்க. கொண்டு வாங்க, நாமளே செஞ்சு கத்துக்குவோம்.' கல்லாவில் இருந்த ஜொஹரா பீவி, முத்து முகம்மதுவின் மனைவி, கார்த்திகேசு அட்டையையே பார்ப்பதைக் கவனித்தார். தன் மகள்தான் வகுப்பு எடுக்கிறாள், காசெல்லாம் வேண்டாம், ஒன்றும் தெரியாதவர்களுக்குத்தான் வகுப்பே, சும்மா ஏறிப் போய் உட்காருங்கள் என்றார்.

ஏறிப் போனார். சின்ன அறை, நீள மேசை, நாலே நாற்காலி. மூன்றில் ஆள் இருந்தது. ஷஹீரா ஒவ்வொருவரிடமும் முன்அனுபவம் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். காளியம்மா என்ற அந்தப் பெரிய பொட்டுக்கார அம்மாள், தனக்கு பல்பு மாட்டக்கூடத் தெரியாது என்றார். தர்மேந்திரன் என்ற தொப்பைக்காரர், கரண்டு என்றாலே தனக்குப் பயம் என்றார். நெட்டையான சுரேன், பேட்டரியில் எது தலை எது வால் என்றே தனக்குத் தெரியாது என்றார். இப்படிப்பட்ட அப்பாவிகளின் நடுவில் போய், நான் இணைப்பகங்களைக் கட்டி ஆண்டவன் என்று எப்படிச் சொல்வது? தெரிந்தவர் என்றால் வெளியே போகச் சொல்லிவிடுவார்களே.

"எனக்கு ஒன்னுமே தெரியாதுலா," என்றார் கார்த்திகேசு. நாலாவது நாற்காலி அவருடையது ஆனது.

ஷஹீராவுக்கு நாற்பது வயது இருக்கும். கோலாலம்பூரில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் இருந்தாள். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒரு பெட்டியோடு ஈப்போவுக்குத் திரும்பி வந்தவள், கடையின் பின்கட்டில் கிடந்த செத்துப்போன சாமான்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். உடைந்த டிவிக்குள் இருந்த விளக்குப் பட்டையை உருவி, படிக்கிற விளக்காக மாற்றிவிட்டாள். அது எரிந்த அன்று பிடித்துக்கொண்டது ஆசை. எந்தச் சாமானும் முழுசாகச் சாவதில்லை, ஏதாவது ஓர் உறுப்பு உயிரோடு இருக்கும், அதை வைத்து இன்னொன்றைச் செய்யலாம் என்பாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும் என்பது அவளுடைய முதல் பாடம். அதைச் சொல்லும்போது ஒவ்வொருவர் முகத்தையும் தனித்தனியாகப் பார்ப்பாள். கார்த்திகேசுக்கு அது பிடித்திருந்தது. நீண்ட காலமாக யாரும் அவரைத் தனியாகப் பார்த்து எதையும் சொன்னதில்லை.

வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. மேசை சின்னது. எவருடைய சாமான் வேலை செய்கிறதோ, அவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு அடுத்தவருக்கு நாற்காலியை விட வேண்டும். அடுத்தவர் என்று எவரும் இதுவரை மாடிப்படி ஏறியதில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். அதனால்தான் அந்தக் கட்டைவிரல்.

குக்கர் பிரச்சினையைக் கட்டைவிரல் பார்த்துக்கொண்டது. வேறொரு பிரச்சினையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஷஹீரா சில சமயம் தவறான இடத்தில் தேடுவாள். தர்மேந்திரனின் பழைய ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, உப்பிப்போன கெப்பாசிட்டர் பக்கத்திலேயே இருக்க, வேறெதையோ சோதித்துக்கொண்டிருந்தாள். கார்த்திகேசுக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு, "டீச்சர், இந்தக் குட்டி டப்பா தலை உப்பியிருக்கே, பொறந்ததுலேர்ந்தே இப்படித்தானா?" என்று பச்சைப்பிள்ளை மாதிரிக் கேட்டார். ஷஹீரா குனிந்து பார்த்தாள், போனில் தேடினாள், முகம் மலர்ந்தது. அரைமணி நேரம் கெப்பாசிட்டரைப் பற்றிப் பாடம் நடந்தது. நல்ல பாடம்.

அன்றிலிருந்து அவர் முட்டாள்தனமான கேள்விகளை முன்கூட்டியே யோசித்துத் தயார் செய்துகொண்டு வந்தார். மற்ற மூவரும்கூட அவ்வப்போது அசட்டுக் கேள்வி கேட்பார்கள். சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருந்தால் கோபித்துக்கொள்ளுமா என்று சுரேன் கேட்பார். சாலிடரிங் கோலை ஈயத்தின் மேல் வைக்க வேண்டுமா, கம்பியின் மேல் வைக்க வேண்டுமா என்று காளியம்மா கேட்பார். எப்படியோ அந்தக் கேள்விகளும் சரியான இடத்தில் போய் விழும். அறியாதவன் வாயில் ஆண்டவன் இருப்பான் என்று கார்த்திகேசு நினைத்துக்கொள்வார்.

ஆனால் வாரங்கள் ஓடியும் ஒரு சாமானும் உயிர் பெறவில்லை. காளியம்மாவின் மேசைக் காத்தாடி சுற்றவில்லை. தர்மேந்திரனின் ஸ்பீக்கர் பாடவில்லை. சுரேனின் அவசர விளக்கு எரியவில்லை. ஷஹீராவின் குரலில் சுருதி குறைந்துகொண்டே வந்தது.

பாவம் என்று கார்த்திகேசு ஒருநாள் முன்னதாகவே வந்து, யாரும் இல்லாத நேரத்தில் காளியம்மாவின் காத்தாடியைத் திறந்தார். மோட்டாருக்குப் போகும் வயர் விட்டிருந்தது. இணைத்தார். ஓட்டிப் பார்த்தார், ஜோராகச் சுற்றியது. காளியம்மா நாற்காலியை விட்டுப் போவது வருத்தம்தான். வகுப்பு பிழைக்க வேண்டுமே.

காளியம்மா வந்தார், பையை வைத்தார், காத்தாடியைத் தன் பக்கம் இழுத்துத் துடைத்தார். வகுப்பு தொடங்கியதும் சுவிட்சைப் போட்டார். காத்தாடி அசையவில்லை.

அடுத்த வாரமும் முன்னதாக வந்து திறந்தார். இம்முறை சுவிட்சுக்கு உள்ளே ஒரு தகடு வளைந்திருந்தது. போன வாரம் இதை எப்படிப் பார்க்காமல் விட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டு நிமிர்த்தினார். ஓடியது. வகுப்பில் ஓடவில்லை. அதற்கடுத்த வாரம் வேகம் மாற்றும் பொத்தானுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டு தொடர்பை மறித்துக்கொண்டு நின்றது. இத்தனை கெட்டிக்காரப் பழுதை அவர் இலாகாவிலேயே கண்டதில்லை. ஸ்பீக்கரும் விளக்கும் அதே கதைதான். காலையில் அவர் கையில் பாடும், எரியும். வகுப்பில் செத்துக் கிடக்கும்.

வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று தன் விரல்களை நீட்டிப் பார்த்தார். நடுங்கவில்லை. ஆனால் தொழில் விரலை விட்டுப் போய்விட்டது என்று தோன்றியது. மனைவி போனாள், மகள் போனாள், தெரிந்த ஒரு வேலை இருந்தது, அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. அன்று வீடியோவில் கூரையிடம் அவர் எதையும் சொல்லவில்லை. கடைசியில் சாரதாதேவியின் முகம் ஒரு நொடி வந்து, ரைஸ் குக்கர் இருந்த இடம் காலியாகத் தெரிகிறதே, எங்கே என்று கேட்டது. பழுது என்றார். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு முகம் போய்விட்டது.

அந்தச் சனிக்கிழமை ஷஹீரா மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய வாப்பாவுக்கு வெங்காய மூட்டை அடுக்க இடம் போதவில்லை. இந்த அறையைக் கேட்கிறார். அடுத்த வாரம் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு ஒரு சின்னக் காட்சி வைக்கப் போகிறாள். ஒரு சாமானாவது வேலை செய்தால் வகுப்பு தொடரும். இல்லையென்றால் வெங்காயம்.

"உங்க மேல தப்பில்ல," என்றாள். "எனக்குத்தான் சொல்லிக் குடுக்கத் தெரியல போல."

நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெங்காயத்தின் மேல் கார்த்திகேசுக்கு அன்று வந்த வெறுப்பு வாழ்நாளில் யார் மேலும் வந்ததில்லை.

காட்சி நாளன்று கடை திறந்த கையோடு வந்துவிட்டார். கல்லாவிலிருந்து ஜொஹரா பீவி, இன்றைக்கு எல்லோருமே வெள்ளென வருகிறீர்களே என்று ஏதோ சொன்னார். அவசரத்தில் காதில் வாங்காமல் மேலே ஓடினார். மேசையில் சாலிடரிங் கோல் இன்னும் சூடாக இருந்தது. ராத்திரி அணைக்க மறந்துவிட்டாளே, மனம் சரியில்லை போலிருக்கிறது பாவம் என்று வருந்தினார். மூன்று சாமான்களையும் திறந்து பார்த்து, இருந்ததைச் சரிசெய்து, இல்லாத பழுதையும் தேடி, ஓட்டி, பாடவிட்டு, எரியவிட்டு, திருப்தியாக மூடினார். கடைசியாகத் தன் குக்கரைப் பார்த்தார். மூன்று பேர் போனாலும் வகுப்பு நடக்கும். தான் ஒருவனாவது இருக்க வேண்டும். வயர் உறைக்குள் பத்திரமாகக் கழன்றிருந்தது.

கூட்டம் வந்தது. கூட்டம் என்றால் சாப்பிட வந்தவர்களில் கொஞ்சம் பேர், முடிதிருத்தும் கடைக்காரர், முத்து முகம்மது, அவருக்குப் பின்னால் வெங்காய மூட்டையோடு ஒரு வேலையாள். கார்த்திகேசு கீழே போய் அவர்களுக்கு நாற்காலி தூக்கி வந்து போட்டார். ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். மற்ற மூவரும் மேசையை விட்டு அசையவே இல்லை. கடைசி நேரப் பதற்றம் என்று எண்ணிக்கொண்டார்.

முதலில் காளியம்மா. சுவிட்சைப் போட்டார். காத்தாடி அசையவில்லை. கார்த்திகேசு கண்களை மூடித் திறந்தார். தர்மேந்திரனின் ஸ்பீக்கர் ஒரு முறை இருமிவிட்டு அடங்கியது. சுரேனின் விளக்கு அதுகூடச் செய்யவில்லை. முத்து முகம்மது வேலையாளைத் திரும்பிப் பார்த்தார். வேலையாள் மூட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டான்.

"அங்கிள்," என்றாள் ஷஹீரா. அந்தக் குரலில் நம்பிக்கை என்று எதுவும் மிச்சமில்லை.

கார்த்திகேசு குக்கரின் முன்னால் போய் நின்றார். இந்தக் கணத்தில் அடிமூடியைத் திறந்து வயரை மாட்டிவிடலாமா என்று நினைத்தார். மாட்டினால் நாற்காலி போகும். மாட்டாவிட்டால் வகுப்பே போகும். இரண்டிலும் அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். திருப்புளியைத் தேடிக் கை நீண்டது. அதற்குள் ஷஹீராவே சுவிட்சைப் போட்டுவிட்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. சட்டியில் ஊற்றியிருந்த தண்ணீர் முதலில் சிணுங்கியது, பிறகு பொங்கியது. ஆவி கார்த்திகேசின் கண்ணாடியை மூடியது.

அறையே கைதட்டியது. முத்து முகம்மது கையை அசைக்க, வேலையாள் மூட்டையோடு கீழே இறங்கினான். ஷஹீரா ஓடிப்போய்ச் சான்றிதழை எடுத்து வந்தாள். தானே வரைந்தது. ஓரத்தில் ஒரு சின்னக் குக்கர் படம்கூட இருந்தது. அதை அவர் கையில் கொடுக்கும்போது அவள் கண்ணில் நீர். அவள் சந்தோஷத்தில் அழுதாள். அவரும் அழுதார். எதனால் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை.

மூவரும் வரிசையாக வந்து கையைப் பிடித்தார்கள். சுரேன் பிடித்த கையை நெடுநேரம் விடவில்லை. காளியம்மா நேராக முகத்தைப் பார்க்கவில்லை. தர்மேந்திரன் காதருகே குனிந்து, "மன்னிச்சிக்குங்க மச்சான்," என்றார். வாழ்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இந்த மனிதன் ஏன் மன்னிப்புக் கேட்கிறான் என்று கார்த்திகேசுக்குப் புரியவில்லை. பழக்கமில்லாதவர், பேச்சு குழறிவிட்டது என்று விட்டுவிட்டார்.

குக்கரை ஒரு கையிலும் சான்றிதழை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு கீழே வந்தார். மேலே அவருடைய நாற்காலியை யாரோ ஓரமாக இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. கடைசி மேசையில் போய் உட்கார்ந்தார். அடுத்த சனிக்கிழமையை நினைத்துப் பார்த்தார். கேட், கூரை, புகைபோக்கி. குக்கர் சரியாகிவிட்டது, ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கலாம்.

ஜொஹரா பீவி தானே தேத்தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பாஸாகிவிட்டு ஏன் இப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான். யாராவது கேட்க மாட்டார்களா என்று பல வருஷமாக அடைபட்டிருந்தது உடைந்துவிட்டது. பெர்த், இரட்டையர், இன்சூரன்ஸ் பெண், எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, தான் டெலிபோன் இலாகாக்காரன் என்பதையும், குக்கரைத் தானே கெடுத்ததையும், காலையில் திருட்டுத்தனமாக வந்து மற்றவர் சாமான்களைத் திறந்ததையும், அவை ஓடாமல் போனதால் தன் தொழிலே தன்னை விட்டுப் போய்விட்டதையும் சொன்னார்.

ஜொஹரா பீவி ஆச்சரியப்படவே இல்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இதுக்கா இப்படி? அடுத்த வாரம் வேற ஏதாச்சும் ஒன்ன ரோசாக் பண்ணி எடுத்துட்டு வாங்க அண்ணே. வீட்டுல மிக்சி இல்லியா?" என்றார்.

கார்த்திகேசுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது எவ்வளவு பெரிய ஏமாற்று வேலை என்று அவர் மெதுவாக எடுத்துச் சொன்னார். இத்தனை நாள் செய்ததே பாவம். உண்மையாகவே ஒன்றும் தெரியாமல், கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையோடு வந்து உட்கார்ந்திருக்கும் அந்த மூன்று வெள்ளந்திகளின் நடுவில், எல்லாம் தெரிந்த ஒரு கள்ளன் மறுபடியும் போய் உட்கார்வதா?

ஜொஹரா பீவி மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குனிந்து சொன்னார்.

"சத்தமா பேசாதீங்க அண்ணே. காளியம்மாக்கா காலமெல்லாம் பினாங்கு ஃபேக்டரில போர்டுக்கு ஈயம் வச்சவங்க, தர்மேந்திரன் கோப்பெங்ல டிவி ரிப்பேர் கடை வச்சிருந்தவரு, சுரேன் லூமுட் கப்பப்படையில வயர்லெஸ் பாத்தவரு, அந்த மாடியில உண்மையா ஒன்னும் தெரியாம வந்து கத்துக்கிட்டு இருக்கறது எம் மவ ஒருத்திதான்."